முதலில் பட்டியல், பிறகு கடை

2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. கொரோனா தொற்று அங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் பரவியதால் எடுக்கப்பட்ட முடிவு. திருமழிசையில் தற்காலிகச் சந்தை செயல்படத் தொடங்கும்வரை சென்னையில் பல வீடுகளில் காய்கறிக்கே திண்டாட்டம். அந்த நாட்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பழக்கம் பரவியது. “கத்தரி 1 கிலோ, வெண்டை அரை கிலோ, முருங்கை 6, கீரை 3 கட்டு” என்று ஒவ்வொரு வீட்டாரும் எழுதிப் போடுவார்கள். யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து எல்லாவற்றையும் கூட்டி, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து விவசாயி ஒருவருக்கு அனுப்புவார். மறுநாள் காலையில் வாசலில் ஒரு சிறு சரக்கு வண்டி வந்து நிற்கும்.

விவசாயிக்கு மண்டியைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. வாங்கியவர்களுக்கு அன்று பறித்த காய் கிடைத்தது. ஆனால், செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மறுபடி திறந்தபோது இந்தக் குழுக்களில் பல சத்தமில்லாமல் கரைந்துபோயின. பட்டியலைக் கூட்டியவர் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்தில் உட்கார ஆள் இல்லை. கணக்கு அவருடைய கைபேசியில் இருந்தது, விவசாயியின் எண்ணும் அவரிடமே இருந்தது. பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் காய் கொண்டுவரும் செயலிகள் பின்னர் அந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டன.

இணையம்வழி உள்ளூர் உணவுக் கூட்டுறவு என்ற யோசனை பெரிய திட்டம்போலத் தோன்றலாம். அதன் பாதி வேலையைத் தமிழ்நாட்டு நகரங்கள் அந்தச் சில மாதங்களிலேயே செய்து காட்டிவிட்டன. விட்டுப்போனது அடுத்த பாதிதான்: பட்டியலை ஒரு தனிமனிதரின் நல்ல மனதிலிருந்து எடுத்து, உறுப்பினர்கள் எல்லோருக்கும் சொந்தமான ஓர் அமைப்பின் கையில் ஒப்படைப்பது.

இது ஏன் அவசியம் என்பதை ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரைகளே சொல்கின்றன. 2024 அக்டோபரில் வெளியான அவற்றின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 பைசா. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37, வாழைப்பழத்தில் 31. மீதி முழுவதும் யாரோ ஒருவர் சுருட்டிக்கொள்ளும் பணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்று கூலி, இறக்கு கூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன், அழுகிப்போகும் சரக்கு, சில்லறைக் கடைக்காரரின் வாடகை, மின்கட்டணம் எல்லாம் அதில்தான் அடங்கும். மண்டிக்காரர் விதைப்புக் காலத்தில் முன்பணம் கொடுக்கிறார். விலை விழுந்த நாளிலும் வந்த சரக்கை இறக்கிக்கொள்கிறார். இந்த இரண்டையும் செய்ய முடியாத எந்தக் கூட்டுறவும் மண்டியை ஒழித்துவிடுவதாகச் சவால்விடக் கூடாது. ஆனால், இந்தச் செலவுகளில் ஒரு பெரிய பங்கு, யார் எவ்வளவு வாங்குவார்கள் என்பது கடைசி நொடிவரை தெரியாததால் வருவது. கடைக்காரர் குத்துமதிப்பாக வாங்குகிறார், விற்காதது வாடுகிறது, வாடியதற்கும் சேர்த்தே விற்றதில் விலை வைக்கிறார். காய் செடியில் இருக்கும்போதே ஆர்டர் வந்துவிட்டால் இந்தச் சேதம் பெருமளவு குறைகிறது. இணையம் செய்து கொடுக்கும் உண்மையான உதவி இதுதான்.

முன்பணம் கட்டி உணவு வாங்குவது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஆவின் பால் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கான பணத்தை முன்னதாகக் கட்டிவிட்டால் சில்லறை விலையைவிடக் குறைவாகப் பால் கிடைக்கிறது. நாளைக்கு எத்தனை அட்டைக்காரர்கள் வாங்குவார்கள் என்பது ஆவினுக்கு இன்றே தெரிகிறது. கிராமத்தில் பால் ஊற்றுபவர் சங்க உறுப்பினர். வாங்குபவருக்கு மட்டும் அங்கே எந்த உரிமையும் இல்லை, அவர் அட்டைதாரர் மட்டுமே. அந்த ஒரு குறையை நீக்கினால் எப்படியிருக்கும் என்பதற்கும் சென்னையிலேயே முன்னோடி உண்டு. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 டிசம்பரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள் அல்லவா, அந்த முறையே இங்கும் வழிகாட்டி. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு; லாபம், வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே திரும்பும்.

ராச்டேல்காரர்களுக்கு ஒரு கடை தேவைப்பட்டது. கடைக்கு வாடகை, சரக்குக்கு முதல், கல்லாவுக்கு ஆள் எல்லாம் தேவைப்பட்டன. இணையம்வழி ஆர்டர் வந்த பிறகு அந்த முதல் சுமை குறைந்துவிட்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2003இல் தொடங்கிய உணவுக் கூட்டுறவு இதை அழகாகக் காட்டியது. கோதுமையும் மாட்டிறைச்சியும் விளையும் மாநிலம் அது; ஆனால், அங்குள்ள பேரங்காடிகளில் உள்ளூர் விவசாயியின் பொருள் அரிது. ஓக்லஹோமா நகரில் ஏழைகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கத்தோலிக்கத் தொண்டு இல்லத்தை நடத்திவந்த பாப் வால்ட்ராப் என்பவர் முன்கை எடுத்தார். விளைவிப்பவர், வாங்குபவர் இருவரும் உறுப்பினர். இருவருக்கும் தலைக்கு ஒரு வாக்கு.

நடைமுறை எளிமையாக இருந்தது. மாதம் ஒருமுறை விவசாயிகள் தங்களிடம் என்ன இருக்கிறது, என்ன விலை என்பதை இணையத்தில் பதிவார்கள். குறிப்பிட்ட நாள்வரை உறுப்பினர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். பிறகு பட்டியல் மூடப்படும். விநியோக நாளன்று மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் விவசாயிகள் தங்கள் சரக்கை, வாங்குபவர் பெயர் ஒட்டிய பைகளோடு ஒரே இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் பிரிப்பார்கள். வேறு தன்னார்வலர்கள் அவற்றைத் தங்கள் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்த் தேவாலய வளாகங்களிலும் கடை வாசல்களிலும் இறக்குவார்கள். மாலைக்குள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிடும். எந்தக் கட்டத்திலும் சரக்கு கூட்டுறவுக்குச் சொந்தமாகவில்லை. விவசாயியிடமிருந்து நேராக வாங்குபவருக்கே போனது. எனவே, விற்காத சரக்கு என்ற பிரச்சினையே அங்கு எழவில்லை. இதற்காக உருவாக்கிய மென்பொருளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்தார்கள். நெப்ராஸ்கா போன்ற வேறு மாநிலங்களிலும் இதே முறையில் கூட்டுறவுகள் எழுந்தன.

மாதம் ஒருமுறை என்ற அந்த முடிவைத் தமிழ்நாட்டில் தொடங்க நினைப்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். உற்சாகத்தில் எல்லோரும் கீரையிலிருந்தும் தக்காளியிலிருந்தும்தான் ஆரம்பிக்கிறார்கள். இருப்பதிலேயே கடினமான பொருட்கள் அவைதான். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை மட்டும் வாங்கும் கூட்டுறவை நம்பி ஒரு விவசாயி வெண்டை போட முடியாது. மற்ற நாள் பறிப்புக்கு அவர் மண்டிக்குத்தான் போக வேண்டும். கீரை விதைத்த 25 முதல் 30 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். வாரா வாரம் வேண்டுமென்றால் வாரா வாரம் ஒரு பாத்தி விதைக்க வேண்டும். இந்தத் தாளம் விவசாயிக்கும் பட்டியல் போடுபவருக்கும் பழகுவதற்கே சில மாதம் ஆகும்.

அரிசி, செக்கு எண்ணெய், துவரம்பருப்பு, நாட்டுச்சர்க்கரை, மஞ்சள், சிறுதானியம் ஆகியவை அப்படி அவசரப்படுத்துவதில்லை. மாதச் சாமான் பட்டியல் எழுதும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் இயற்கை விவசாயிகள் சங்கம்போல, தானியத்தைச் சுத்தம்செய்து பையில் அடைத்துத் தரும் விவசாயிகள் அமைப்புகள் மாநிலத்தில் பல உள்ளன. அவர்களுக்குத் தேவைப்படுவது நிலையான ஆர்டர். எனவே, முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை உலர்பொருள்; கணக்கும் நம்பிக்கையும் நிலைத்த பிறகு வாரம் ஒருமுறை காய்கறி. இந்த வரிசையை மாற்றித் தொடங்குபவர்கள் அழுகிய தக்காளிக்குப் பதில் சொல்லியே களைத்துப்போகிறார்கள்.

பின்லாந்தில் நடந்தது ஓக்லஹோமா முறையைவிட எளிமையானது. தாமஸ் ஸ்னெல்மன் என்ற விவசாயி 2013இல் அந்நாட்டின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் ‘ரெக்கோ’ என்ற முறையைத் தொடங்கினார். பிரான்ஸில் 2001 முதல் விவசாயிகளும் நகரத்தாரும் பருவம் முழுமைக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளும் ‘அமாப்’ குழுக்களைப் பார்த்து வந்த யோசனை அது. ரெக்கோவுக்கு மென்பொருள்கூடக் கிடையாது. ஃபேஸ்புக்கில் ஒரு மூடிய குழு. விவசாயி தன்னிடம் இருப்பதைப் பதிவிடுவார், வேண்டியவர்கள் அதன் கீழேயே எழுதுவார்கள். குறித்த நாளில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் கூடிக் கொடுத்து வாங்கிக் கலைந்துவிடுவார்கள். அவரவர் விளைவித்ததை மட்டுமே விற்கலாம். வாங்கி விற்க அனுமதி இல்லை. பதிவுசெய்யப்பட்ட அமைப்போ அலுவலகமோ இல்லாமலே அது ஸ்வீடன், நார்வே வரை பரவியது. செலவே இல்லாமல் தொடங்கலாம் என்பதற்கு ரெக்கோ சாட்சி. அதே நேரம், குழு முழுவதும் ஒரு தனியார் நிறுவனத்தின் தளத்தில் தங்கியிருக்கிறது என்ற பலவீனமும் அதில் உண்டு.

அந்தப் பலவீனம் கற்பனைப் பயம் இல்லை. பிரான்ஸில் 2011இல் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனம், ஊருக்கு ஊர் ஒருங்கிணைப்பாளர்களை வைத்து இதேபோன்ற வாராந்தரச் சந்தைகளை நடத்தியது. விற்பனையில் ஒரு பங்கு ஒருங்கிணைப்பாளருக்கு, ஒரு பங்கு நிறுவனத்துக்கு. இங்கிலாந்துக்கும் ‘ஃபுட் அசெம்ப்ளி’ என்ற பெயரில் வந்து நன்றாகவே பரவியது. 2018இல் நிறுவனம் அங்கு கடையை மூடிக்கொண்டது. ஆர்டர் கொடுத்தவர்கள் இருந்தார்கள், விவசாயிகள் இருந்தார்கள். பட்டியல் மட்டும் அவர்களுடையதாக இல்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த ‘ஓபன் ஃபுட் நெட்வொர்க்’ என்ற திறந்த மென்பொருள் இந்த ஆபத்துக்கு மாற்றாக இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் ஊருக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும், நாற்பது வீடுகளுக்கு மென்பொருள் தேவையில்லை. ஒரு கூகுள் படிவமும் ஒரு கணக்குத் தாளும் போதும். எழுதத் தெரியாதவர்கள், கைபேசியில் தட்டச்சு செய்ய முடியாத முதியவர்கள் குரல் பதிவில் சொல்லட்டும், யாராவது ஒருவர் ஏற்றட்டும். படிவம் நிரப்பத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான கூட்டுறவு ஒரு தெருவின் கூட்டுறவு ஆகாது.

வேலை உண்மையில் எங்கே இருக்கிறது என்றால், பிரிக்கும் இடத்தில். புதன் இரவு பட்டியல் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடுவாரியான பட்டியலை அன்றிரவே பண்ணைவாரியாகத் திருப்ப வேண்டும்: இந்த விவசாயிக்கு 14 கிலோ வெண்டை, அவருக்கு 60 கட்டு கீரை. வெள்ளி மதியம் பறித்து, ஈரச் சாக்கு மூடி மாலை 4 மணிக்கு வண்டி வருகிறது. புதிதாகச் செய்பவர்கள் வீட்டுச் சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கூடை கூடையாகத் தேடுவார்கள். இரவு 9 மணி ஆகும். பழகியவர்கள் எண் போட்ட நாற்பது பைகளை வரிசையாக வைத்துவிட்டு, பொருள் பொருளாகப் போடுகிறார்கள். முதலில் பூசணி, சேனை, வெங்காயம் போன்ற கனமானவை. அடுத்து கத்தரி, வெண்டை, அவரை. அதற்கு மேல் தக்காளி. கீரையும் கொத்தமல்லியும் கடைசியில், மேலாக. ஒருவர் எடை போட, ஒருவர் பையில் போட, ஒருவர் தாளில் குறிக்க, மூன்று பேர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

அங்கேதான் தகராறுகளும் முளைக்கும். 14 கிலோ சொன்ன வெண்டை 11 கிலோதான் வந்திருக்கிறது. முதலில் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டுக் கடைசி ஆறு வீட்டுக்கு இல்லை என்று சொல்வதா, எல்லோருக்கும் கொஞ்சம் குறைப்பதா? புடலங்காய் அரை கிலோ கேட்டவருக்கு 640 கிராம் காய் ஒன்றுதான் இருக்கிறது. நறுக்கிக் கொடுக்கவும் முடியாது. சொத்தைக் கத்தரிக்கு யார் பணம் திருப்பித் தருவது? இவற்றுக்கெல்லாம் முதல் வாரத்துக்கு முன்பே, உறுப்பினர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பக்கத்தில் விதி எழுதிக்கொள்ள வேண்டும். குறைந்தால் எல்லோருக்கும் சமமாகக் குறைக்கலாம். எடை வித்தியாசத்தை அடுத்த வார வரவில் சேர்க்கலாம். புகார் அன்றிரவே வர வேண்டும், நஷ்டத்தைப் பொதுச் சேமிப்பு ஏற்க வேண்டும். இந்த ஒரு பக்கம் இல்லாமல்தான் நல்ல நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய எத்தனையோ குழுக்கள் மூன்றாம் மாதம் முறிந்தன.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பார்த்துவிடலாம். நாற்பது வீடு, வீட்டுக்கு வாரம் 400 ரூபாய் என்றால் 16,000 ரூபாய். அதில் 12 விழுக்காட்டைக் கூட்டுறவு எடுத்துக்கொண்டால் 1,920. வண்டி வாடகை 900, பிரிக்கும் ஒருவருக்கு அரைநாள் கூலி 500, சாக்கு, பை, காகிதத்துக்கு 150 போனால் மீதி 370 ரூபாய் பொதுச் சேமிப்பு. விவசாயிகளுக்குப் போவது 14,080 ரூபாய், அதாவது ரூபாய்க்கு 88 பைசா. ஊருக்கு ஊர் வாடகையும் கூலியும் மாறும். ஆனால், இந்தக் கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. வீடுகள் இருபதாகக் குறைந்தால் 12 விழுக்காடு என்பது 960 ரூபாய். வண்டி வாடகைக்கே சரியாகிவிடும். எனவே, உறுப்பினர் எண்ணிக்கையைவிட, அவர்கள் நடந்துவரும் தூரத்தில் இருப்பது முக்கியம். மூன்று தெருவில் நாற்பது வீடு என்றால் பிழைக்கும். நகரம் முழுக்கச் சிதறிய இருநூறு வீடு என்றால் பெட்ரோலிலேயே கரையும். வீட்டுக்கு வீடு கொண்டுபோய்த் தருவதாக வாக்குக் கொடுப்பது மிகப் பெரிய தவறு. பத்து நிமிடச் செயலிகளோடு அந்தப் போட்டியில் எந்தத் தெருக் கூட்டுறவும் ஜெயிக்காது. ஒரு நாள், ஓர் இடம், இரண்டு மணி நேரம். வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வர முடியாத முதியவருக்குப் பக்கத்து வீட்டார் எடுத்துப் போவார்கள்.

கூலி 500 ரூபாய் என்பதைக் கணக்கில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. தன்னார்வலர்களின் உழைப்பில் மட்டுமே நிற்கும் அமைப்பு, தொடங்கியவர் சோர்வடையும் நாளில் படுத்துவிடுகிறது. பெரும்பாலும் அந்த உழைப்பு ஏற்கெனவே சமையலறைச் சுமை தாங்கும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அதே தெருவில் வேலை தேடும் ஒருவருக்கு வாரம் அரைநாள் நிச்சயக் கூலி கொடுப்பதே நியாயம். மற்றவர்கள் முறைவைத்து உதவட்டும்.

பெண்கள் தொடங்கி நிலைநாட்டிய கூட்டுறவுக்கு ஜப்பானின் ‘செய்கத்சு கிளப்’ பெரும் உதாரணம். 1965இல் டோக்கியோவின் செதகாயா பகுதியில் சுமார் 200 பெண்கள் சேர்ந்து 300 புட்டிப் பால் மொத்தமாக வாங்கியதில் அது ஆரம்பித்தது. 1968இல் கூட்டுறவாகப் பதிவானது. ஏழெட்டு வீடுகள் சேர்ந்த ‘ஹான்’ என்ற சிறு குழுதான் அதன் அடிப்படையாக இருந்தது. ஆர்டர் குழுவாக, பொருள் வருவதும் குழுவாக, பிரித்துக்கொள்வது வாசலிலேயே. பேரங்காடியில் கிடைப்பதுபோல ஒரே பொருளில் இருபது வகை கிடையாது. உறுப்பினர்கள் பேசி ஒரு வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்; அதை யார், எப்படி, என்ன செலவில் விளைவிக்கிறார் என்று தெரிந்துகொண்டு மொத்த ஆர்டரையும் அவருக்கே கொடுப்பார்கள். இப்படி லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வளர்ந்த அந்த அமைப்புக்கு, மாற்று நோபல் என்று அழைக்கப்படும் வாழ்வுரிமை விருது 1989இல் கிடைத்தது. பல்லாண்டுகள் காகிதத்தில் நடந்த ஆர்டர் பின்னர் இணையத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இல்லாத ஊரே இல்லை. சேமிப்பு, கடன், கூட்டம், கையெழுத்து, பேரேடு என்று எல்லாப் பழக்கமும் உள்ள அந்தக் குழுக்கள் உணவு ஆர்டரைக் கையில் எடுத்தால், புதிதாக யாரும் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்காது.

இயற்கை விளைபொருள் என்றாலே வசதிபடைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டு எழும். அதில் உண்மையும் இருக்கிறது. நஞ்சில்லா உணவு மட்டும்தான் என்று முதல் நாளே கதவைச் சாத்தினால், தெருவில் பாதி வீடு உள்ளேயே வராது. ரேஷன் அரிசி வாங்கும் வீட்டுக்கு எண்ணெயும் பருப்பும் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அது பெரிய விஷயம். எனவே, பட்டியலில் இரண்டும் இருக்கட்டும், எது எப்படி விளைந்தது என்பது மட்டும் ஒளிவில்லாமல் எழுதியிருக்கட்டும். பங்குத்தொகையைத் தவணையில் கட்ட இடம் இருக்கட்டும். விவசாயிகள் பக்கமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். பெருநிலக்காரர் ஒருவரிடமே எல்லாவற்றையும் வாங்குவது நிர்வாகத்துக்கு எளிது. குத்தகைக்குப் பயிர்செய்யும் ஐந்து பேரிடம் வாங்குவது சிரமம். அந்தச் சிரமத்தை ஏற்பதற்குத்தான் கூட்டுறவு. நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடித் தேயிலை விவசாயிகளையும் வாங்குவோரையும் ஒரே அமைப்பில் பங்காளிகளாக்க முயன்ற ‘ஜஸ்ட் சேஞ்ச்’ இந்தத் திசையில் முன்னால் நடந்து காட்டியது.

சட்டம் தடையாக இல்லை. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 97ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பின் 19ஆவது கூறில் அடிப்படை உரிமையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. விவசாயிகள் தரப்பில் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். வாங்குவோர் அதில் உறுப்பினராக முடியாது என்பதால் அவர்களுக்கு மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் சங்கம் பொருந்தும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விளைச்சலைப் பண்ணையளவில் விற்கும் விவசாயிக்குப் பொருந்தாது. பொடி, எண்ணெய், ஊறுகாய் விற்பவருக்குப் பதிவு வேண்டும். ஓராண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதிவுக்குப் போவது நல்லது. ஆனால், முதல் வாரத்திலிருந்தே பணம் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. இரண்டு பேர் கையெழுத்திடும் தனி வங்கிக் கணக்கும், மாதம் ஒருமுறை எல்லோர் கண்ணிலும் படும்படி வரவு செலவும் கட்டாயம். தமிழ்நாட்டில் கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டதும் நகைக்கடன் முறைகேடும் நடக்காத தேர்தலும் நினைவுக்கு வரும் மக்களிடம், நம்பிக்கையை இப்படித்தான் மீட்க முடியும்.

அரசு இதில் தலையிட்டு நடத்த வேண்டியதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையின் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது நல்ல உதவிதான். ஆனால், விலை ஏறும்போது மட்டும் கைகொடுக்கும் அந்த முறை, விலை விழும்போது விவசாயியைத் தாங்குவதில்லை. அரசிடம் கேட்க வேண்டியது சிறிய விஷயம் ஒன்று. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் 180க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. கூரை, மின்னணுத் தராசு, தண்ணீர், விளக்கு, அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள் என்று ஒரு விநியோக மையத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. பெரும்பாலானவை காலையில் கூடி, நண்பகலோடு ஓய்ந்துவிடுகின்றன. வாரத்தில் ஒரு மாலை, 4 மணி முதல் 7 மணிவரை, பதிவுபெற்ற அல்லது பதிவுக்கு விண்ணப்பித்த உணவுக் கூட்டுறவுகளுக்கு அந்தக் கூரைகளை வாடகையின்றித் திறந்துவிடலாம். அட்டைவைத்திருக்கும் விவசாயிகளின் பயிர் விவரத்தை அந்தக் கூட்டுறவுகளோடு பகிரலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய செயலியும் வேண்டாம். வேளாண் விற்பனைத் துறையின் ஓர் ஆணை போதும். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை தாக்கல்செய்யும் மாநிலம் இது. அடுத்த அறிக்கையில் இந்த அறிவிப்பு இடம்பெற வேண்டும்.